நோயாளியின் வீடு வார்டு அல்ல

படுத்த படுக்கையாகிவிட்ட முதியவருக்கு இடுப்பில் புண். கட்டு மாற்றச் செவிலியர் வருகிறார். ஒற்றை அறை வீடு. கதவு திறந்தே கிடக்கிறது. பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்கிறார்கள். கதவைச் சாத்தச் சொல்வதும், ஒரு வேட்டியை மறைப்பாகப் பிடிக்க வைப்பதும், 'ஐயா, புண்ணைப் பார்க்கலாமா?' என்று கேட்பதும் சிகிச்சையின் பகுதிகளே. இவற்றைச் செவிலியரின் நல்ல குணத்துக்கு மட்டும் விட்டுவிட முடியாது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் இரத்த அழுத்த, சர்க்கரை நோய் மாத்திரைகளும், இயன்முறை சிகிச்சையும், வலி தணிக்கும் பராமரிப்பும் வீடு தேடி வருகின்றன. பாராட்ட வேண்டிய பணி. ஆனால், வீட்டுக்குள் வருபவர் கண்ணில் நோயோடு சேர்த்துக் குடும்பத்தின் வறுமையும் சண்டையும் படுகின்றன. அவை தெருவுக்கு வரக் கூடாது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் கண்ணியமும் அடக்கம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதே ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் ஒருவரின் தொற்று நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. விதிவிலக்குகள் மிகச் சில. மனநலப் பராமரிப்புச் சட்டமும் கண்ணியத்தோடு வாழும் உரிமையை உறுதிசெய்கிறது. செவிலியர் தொழில்நெறியும் இதையே கேட்கிறது. ஆகவே, திண்ணையில் நின்று நோயின் பெயரை உரக்கச் சொல்வதும், கேட்காமல் கைப்பேசியில் படம் எடுப்பதும் உரிமை மீறல்கள்.

வேலைப்பளுவுக்கு நடுவே இதற்கெல்லாம் நேரமேது என்ற கேள்வியில் நியாயம் உண்டு. சமவெளியில் 5,000 பேருக்கு, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அந்த மக்கள்தொகையின் பொறுப்பைக் கிராம சுகாதாரச் செவிலியர் சுமக்கிறார். இருந்தாலும், அனுமதி கேட்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தையும் பறிக்கும் அவசரத்துக்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும்.

காலியிடங்களை நிரப்புங்கள். வீட்டுப் பராமரிப்புக்கெனத் தமிழில் எழுத்துபூர்வமான நடத்தை விதிகளை வகுத்துப் பயிற்சி கொடுங்கள். நோயாளியின் உரிமைகளையும் புகார் எண்ணையும் ஒரே தாளில் அச்சிட்டு வீடுதோறும் தாருங்கள். செவிலியரின் பையில் மருந்தோடு ஒரு மறைப்புத் துணியையும் வையுங்கள்.