மஞ்சளுக்குள் ஒரு நிறம்

1910 கோடையில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் போல்டரில், சாலையோரக் காட்டுச் சூரியகாந்திகளுக்கு நடுவே ஒரு செடி மட்டும் செம்பழுப்பாகப் பூத்திருந்தது. அதைக் கண்டவர் வில்மட் போர்ட்டர் காக்கரெல். அவரும் கணவர் டி. டி. ஏ. காக்கரெலும் செடியைத் தோட்டத்துக்குப் பெயர்த்து வந்தார்கள். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி. ஆகவே மஞ்சள் பூவோடு கலப்புச் செய்தார்கள். சந்ததியில் ஏறக்குறையப் பாதி சிவந்தது. சிவப்பு ஓங்கு பண்பு, கிடைத்த செடி ஹெட்டிரோசைகஸ் என்று கணக்கு சரியாக விழுந்தது. அதே சிவப்பை வெளிர்மஞ்சள் இரகத்தில் ஏற்றியபோது ஒயின் நிறம் வந்தது. அடியிலிருந்த மஞ்சள் வெளுத்ததும், மேலிருந்த ஆந்தோசயனின் வேறு நிறமாகத் தெரிந்தது.

கண்ணுக்குத் தெரிந்த நிறத்தின் கதை இது. தெரியாத நிறமும் ஒன்று உண்டு. புற ஊதாக் கதிரை மட்டும் பதியும் கேமராவில் கதிர் சிறுமலர்களின் அடிப்பகுதி கருத்தும் நுனி வெளுத்தும் விழும். அடிப்பகுதிகள் சேர்ந்து உண்டாக்கும் கரு வளையம் சில செடிகளில் ஒடுங்கியிருக்கும். சிலவற்றில் நுனி வரை பரவியிருக்கும். மார்க்கோ தொடெஸ்கோ, லோரன் ரீசெபெர்க் குழுவினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வின்படி, காட்டுச் சூரியகாந்தியான ஹெலியாந்தஸ் ஆனுவஸில் இந்த வேறுபாட்டின் சுமார் 62 சதவீதம் 15-ஆம் குரோமோசோமின் ஒரே இடத்தோடு சேர்ந்து வருகிறது. அங்கிருக்கும் HaMYB111 என்ற மரபணுதான், புற ஊதாவை உறிஞ்சும் ஃபிளேவனால் நிறமி சேர்வதைக் கட்டுப்படுத்துகிறது.

அதே ஆய்வில், தேனீக்கள் மிகச் சிறிய வளையங்களை அதிகம் நாடவில்லை. அதோடு, வளையம் பெரிதான சிறுமலர்கள் மெதுவாகவே காய்ந்தன. வறண்ட காற்றுள்ள இடங்களில் பெரிய வளையமே மிகுந்திருந்தது. ஒரே நிறமி, பூச்சிக்கு அழைப்பு, பூவுக்கு நீர்க்காப்பு என இரண்டு வேலை பார்க்கிறது.

நமக்கு இதில் என்ன? வீரிய ஒட்டு விதை வயலில் ஆண் வரிசையிலிருந்து பெண் வரிசைக்கு மகரந்தம் சுமப்பது தேனீதான். இரு வரிசைகளும் நம் கண்ணுக்கு ஒரே மஞ்சள். தேனீயின் கண்ணுக்கும் அப்படித்தானா? விதைப்பிடிப்பு குறையும் வயலில் இந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை. வளையத்துக்கும் மகசூலுக்கும் தொடர்பு உண்டென்று இந்த ஆய்வு நிறுவவில்லை, அளந்தால்தான் தெரியும். மரபுவளப் பதிவேட்டில் ‘மஞ்சள்’ என்று எழுதும் கட்டத்தின் பக்கத்தில், புற ஊதா வளையத்தின் அகலத்துக்கும் ஒரு கட்டம் போடுவோம்.