விடைத்தாள் வீட்டுக்கு வரட்டும்!

கள்ளக் கையெழுத்து என்றால் போலீஸ், வழக்கு, கோர்ட்டு. ஆனால் வழக்கே பதிவாகாத கள்ளக் கையெழுத்து ஒன்று உண்டு. ரேங்க் கார்டில் அப்பா பெயரில் பையன் போடும் கையெழுத்து!

காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மார்க்கு வந்தால் இந்தக் காரியம் செஞ்சி பஸ் நிலையத்திலேயே முடிந்துவிடுகிறது. வீடு வரை போவதில்லை.

பையனை மட்டும் திட்டி என்ன பயன்? உண்மையாகவே கையெழுத்துப் போடும் அப்பாவுக்கு மட்டும் என்ன தெரிகிறது? கணக்கு 34. பெயில். அவ்வளவுதான். வழி சரியாகப் போட்டுக் கூட்டலில் கோட்டை விட்டானா, பாடமே புரியவில்லையா? கார்டு சொல்லாது. விடைத்தாள் சொல்லும். அதுவோ பல பள்ளிகளில் அலமாரியில் கட்டிக் கிடக்கிறது.

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் கொண்டு வரும் விவசாயி, சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுவாரா? மூட்டை தராசில் ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பார். பிள்ளை படிப்பில் மட்டும் சீட்டு போதுமாம்!

கொடுத்தால் தாள் திரும்பி வராது, அரை மார்க்குக்கு அப்பா சண்டைக்கு வருவார் என்கிறார்கள் ஆசிரியர்கள். வருவார்தான். ஒரு கட்டுத் தாளைத் திருத்தி முடிக்கும்போது கண் பூத்துப் போகும். ஒரு பக்கத்து மார்க்கு கூட்டலில் விட்டுப்போகலாம். அது தெரிய வேண்டாமா?

சுப்ரீம் கோர்ட்டே 2011 ஆகஸ்ட் 9-ந் தேதி, சி.பி.எஸ்.இ. வழக்கில் இதற்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. திருத்திய விடைத்தாளும் தகவல்தான். எழுதிய மாணவர் தகவல் உரிமைச் சட்டப்படி அதைப் பார்க்கலாம், நகலும் கேட்கலாம். பிளஸ் 2 பொதுத் தேர்வு விடைத்தாள் நகலுக்கு 2023-ல் பாடத்துக்கு 275 ரூபாய் கட்டினார்கள். உள்ளூர்ப் பள்ளியில் எழுதிய பரீட்சைத் தாளைக் காசில்லாமல் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

ஒரு பயம் நியாயமானது. சிவப்பு மையைப் பார்த்ததும் பெல்ட்டைக் கழற்றும் அப்பன்களும் ஊரில் இருக்கிறார்கள். அதனால் வெறும் மார்க்கோடு தாளை அனுப்பக் கூடாது. எதைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று ஆசிரியர் ஒரு வரி எழுதட்டும். அடித்தால் அடுத்த தடவை தாள் வீடு வந்து சேராது என்பதை அப்பாக்களும் புரிந்துகொள்ள வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எதற்கு என்று கேட்பது அநியாயம். பக்கம் பக்கமாக வெள்ளையாகக் கிடந்தால் கைநாட்டுத் தாய்க்கும் புரியும்.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009-ம் ஆண்டுச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும். செஞ்சி வட்டாரத்துக் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடலாம்: வெள்ளிக்கிழமை தாளைக் கொடுப்பது, திங்கட்கிழமை திரும்ப வாங்குவது. பெற்றோர் கையெழுத்து கார்டில் அல்ல, விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில்.