டெஸ்பாட்ச் கிளார்க்கின் மகன்

போன ஞாயிற்றுக்கிழமை கடலூரில் பஸ் ஏறி, சிதம்பரத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் சித்தி ஆரம்பித்துவிட்டாள்.

"நல்ல நேரத்துல வந்தப்பா. உன் தம்பி டெஸ்பாட்ச் வேலைக்குப் படிக்கப் போறானாம். ரெண்டரை லட்சம் ஃபீஸாம். என் செயினை அடகு வைக்கச் சொல்றான்."

சித்தப்பா ரிடையரான அரசாங்க குமாஸ்தா. சர்வீஸில் பாதிக்கு மேல் டெஸ்பாட்ச் செக்‌ஷன். "கவர் ஒட்டி, ஸ்டாம்ப் ஒட்டி, ரிஜிஸ்டர்ல நம்பர் போடறதுக்கு எனக்குச் சம்பளம் குடுத்தாங்கடா. இவன் என்னடான்னா பணம் கட்டறேங்கிறான்!"

"அப்பா, இது ஃப்ளைட் டெஸ்பாட்சர்!" என்று பல்லைக் கடித்தான் தம்பி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ், கடைசி வருஷம்.

பி.காம். மூளைக்கு எட்டியவரை சொல்கிறேன். விமானம் கிளம்புமுன் வானிலை, பாதை, எடை எல்லாம் பார்த்து, எவ்வளவு எரிபொருள் போட வேண்டும் என்று தரையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிற ஆள் இவர். அதில் முக்கியமான ஐட்டம் 'ஆல்டர்னேட்'. போகிற ஊரில் இறங்க முடியாவிட்டால் வேறு எந்த ஊர்? 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயலில் சென்னை விமான நிலையத்தை மூடினார்களே, அந்த மாதிரி நாளில் பெங்களூரா, திருச்சியா? அங்கே போகவும், போய் அரை மணி நேரம் வட்டமடிக்கவும் டாங்கில் இருக்க வேண்டும். ஃபுல்லாக நிரப்பித் தொலைக்க வேண்டியதுதானே என்கிறீர்களா? கூடுதல் எரிபொருளைச் சுமக்கவே கூடுதல் எரிபொருள் செலவாகும். முதலாளி விடமாட்டார். (கடலூர் துறைமுகத்தில் எத்தனாம் நம்பர் கூண்டு என்று விசாரித்தே வளர்ந்த நமக்கு, சிலபஸில் பாதி இலவசம்.)

"கணக்கு தப்பினா?" என்றார் சித்தப்பா.

1990 ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் போன அவியாங்கா 52-ம் நம்பர் விமானம். நியூயார்க்கில் மோசமான வானிலை. மூன்று இடங்களில் மொத்தம் 1 மணி 17 நிமிஷம் சுற்ற விட்டார்கள். "உங்கள் ஆல்டர்னேட் எது?" என்று கேட்டபோது வந்த பதில்: பாஸ்டன், ஆனால் இப்போது அங்கே போகவும் முடியாது. கடைசியில் டாங்க் காலி. விழுந்ததில் 73 பேர் இறந்தார்கள். 'எமர்ஜென்சி' என்ற வார்த்தையைப் பைலட்கள் சொல்லவே இல்லை. வழியில் டெஸ்பாட்ச் உதவியையும் அவர்கள் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்று விசாரணை அறிக்கை குறை சொன்னது.

சித்தப்பா வெற்றிலையை அப்படியே கையில் வைத்திருந்தார். "கையெழுத்து யாருது?"

"அமெரிக்காவில கேப்டனும் டெஸ்பாட்சரும் ரெண்டு பேரும் போடணும். பொறுப்பும் ரெண்டு பேருக்கும். அங்கே 23 வயசு ஆகாம சர்டிஃபிகேட்டே கிடையாது."

"நான் போட்டதெல்லாம் வெறும் இனிஷியல்ப்பா."

தம்பி காட்டிய புராஸ்பெக்டஸைப் புரட்டினேன். வழவழ காகிதம். டை கட்டிய பையன், ஸ்கார்ஃப் கட்டிய பெண், 'நூறு சதவிகித வேலை'. விமானத்துறையின் கண்டிப்பான வாத்தியாரான டி.ஜி.சி.ஏ.யின் பெயரை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் காணோம். போன் போடச் சொன்னேன். "உங்க சர்டிஃபிகேட்டுக்கு டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் உண்டா? எந்த ஏர்லைன்ஸ் இதை வச்சு டெஸ்பாட்ச்ல உட்கார வைக்கும்? எழுத்துல தருவீங்களா?"

எதிர்முனையில் குயில் மாதிரி ஒரு குரல்: "முதல்ல அட்வான்ஸ் கட்டிடுங்க சார், மத்ததை நேர்ல பேசலாம்."

தம்பி போனை வைத்தான். சித்தி ஒன்றும் பேசாமல் செயினை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பீரோ சாத்துகிற சத்தம் கேட்டது.

பையன் முகம் தொங்கிவிட்டது. "வேலை நல்ல வேலைதான்டா, இந்தக் கடைதான் சரியில்லை. ஏர்லைன்ஸ்காரங்க யாரை, எப்படி எடுக்கறாங்கன்னு அவங்க கிட்டயே விசாரிப்போம்" என்றேன்.

சித்தப்பா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"விசாரி. எதுக்கும் எம்.எஸ்ஸி.க்கு ஒரு அப்ளிகேஷன் போட்டு வை. பாஸ்டன் மாதிரி ஆயிடப்போகுது."