மனசு வைத்தால் மட்டும் போதாது

படப்பையில் தொடங்கித் தாம்பரம் வரைக்கும் எந்தப் பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போனாலும், சிறப்பு விருந்தினர் பேசுவது ஏறக்குறைய ஒரே பேச்சுதான். சாதிக்க வேண்டியது மனசு, வசதி வாய்ப்பெல்லாம் அதற்கு அப்புறம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை 7.5–6.5 என்ற கணக்கில் வென்று, 18 வயதில் குகேஷ் உலக சதுரங்க சாம்பியன் ஆனதிலிருந்து அந்தப் பேச்சுக்குப் புது உதாரணமும் கிடைத்துவிட்டது. பலகைக்கு முன்னால் கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பையனைக் காட்டி, ‘பாருங்கள், இதுதான் வெற்றியின் ரகசியம்’ என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குகேஷ் ஜெயித்த கதையை முழுதாகப் படித்தால் அந்தப் பேச்சு நிற்காது. அது வெறும் தப்பான பேச்சு மட்டுமல்ல, ஜெயிக்காத பிள்ளைகள் தலையில் பழியை ஏற்றுகிற பேச்சும்கூட.

எல்லாம் மனசுதான் என்பவர்கள் முதலில் ஒரு கணக்குக்கு விடை சொல்ல வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் தமிழ்நாட்டின் பங்கு நூற்றுக்கு ஆறு. இந்தியாவின் கிராண்ட்மாஸ்டர்களிலோ மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமானவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் பிறக்கிற பிள்ளைகளுக்கு மன உறுதி குறைவு என்று யாராவது சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். அப்படியானால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆன மானுவல் ஆரோன் சென்னையில் ஆடிக்கொண்டிருந்தார். 1972-ல் இங்கிருந்த சோவியத் கலாச்சார மையத்தில் மிகைல் தால் பெயரில் ஒரு சதுரங்க கிளப் தொடங்கியது. அங்கே போய் ஆடிப் பழகிய விஸ்வநாதன் ஆனந்த் 1988-ல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவருக்குப் பின்னால் பயிற்சியாளர்கள் வந்தார்கள், வாராவாரம் போட்டிகள் வந்தன, போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு வருகைப்பதிவில் விட்டுக்கொடுக்கும் பள்ளிகள் வந்தன. அறுபது வருடச் சேமிப்பின் மேல் ஏறி நின்றவர்தான் குகேஷ். அவருடைய உயரத்தை நான் குறைக்கவில்லை, அவர் காலடியில் இருந்ததையும் சேர்த்து அளக்கச் சொல்கிறேன்.

அவர் வந்த வழியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். தந்தை காது மூக்கு தொண்டை மருத்துவர், தாய் நுண்ணுயிரியல் துறையில் இருப்பவர். நான்காம் வகுப்போடு பையனின் முழுநேரப் பள்ளிப் படிப்பு நின்றது. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு மூன்று ‘நார்ம்’ (ஒரு போட்டியில் பட்டத்துக்குரிய தரத்தில் ஆடிக் காட்டுவது) வேண்டும், 2500 ரேட்டிங் வேண்டும். நார்ம் எடுப்பதற்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் பட்டம் பெற்றவர்களும் போதிய அளவில் ஆடும் போட்டி வேண்டும். அதாவது விமான டிக்கெட், தங்கும் செலவு, நுழைவுக் கட்டணம், கூடவே போக ஒரு பெரியவர். மகனோடு போவதற்காகத் தந்தை தன் தொழிலையே ஒதுக்கிவைத்தார். வருமானம் ஒன்றாகச் சுருங்க, நண்பர்களும் பணம் கொடுத்து உதவினார்கள். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, 2500-ஐத் தாண்டும்வரை கணினி எஞ்சினைத் தொடக்கூடாது, சொந்த மூளையில் கணக்குப் போடு என்று வளர்த்தார். அது பையனின் வைராக்கியம் அல்ல, தேர்ந்த ஆசிரியர் ஒருவரின் முடிவு. 2019 ஜனவரியில், 12 வயது 7 மாதத்தில் பட்டம் கிடைத்தது. 2020-ல் தொடங்கிய வெஸ்ட்பிரிட்ஜ்–ஆனந்த் அகாடமி அவரைத் தத்தெடுத்ததுபோல் பார்த்துக்கொண்டது. உலகப் போட்டிக்கு அவரோடு உழைத்தவர்கள் என்று கஜெவ்ஸ்கி, வோய்தாஷெக், ஹரிகிருஷ்ணா, கெய்மர், டூடா என்று ஒரு பட்டியலே பிறகு வெளியே வந்தது. எல்லாருமே பெரிய கிராண்ட்மாஸ்டர்கள்.

இதைவிட வெளிப்படையான சாட்சி 2023 டிசம்பரில் இருக்கிறது. உலக சாம்பியனோடு மோதும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிக்கு அப்போது குகேஷ் தகுதி பெற்றிருக்கவில்லை. அந்த வருடப் போட்டிகளின் புள்ளிக்கணக்கில் ஓர் இடம் மிச்சம் இருந்தது. அதற்கு அனிஷ் கிரியும் போட்டியிட்டார். வருடம் முடிய இரண்டு வாரம்தான் பாக்கி. அந்தச் சமயத்தில் தமிழ்நாடு அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 50 லட்ச ரூபாய்ப் பரிசோடு ‘சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ்’ என்ற போட்டியை அவசர அவசரமாக நடத்தியது. ஏழு சுற்றில் குகேஷும் அர்ஜுன் எரிகைசியும் தலா 4.5 புள்ளி. சமநிலை முறிப்புக் கணக்கில் குகேஷ் முதலிடம். அந்தப் புள்ளிகள்தான் அவரை கேண்டிடேட்ஸ் நடந்த டொராண்டோவுக்கு அனுப்பின. 2024 ஏப்ரலில் அங்கே 14-க்கு 9 எடுத்து ஜெயித்தார், அங்கிருந்து சிங்கப்பூர். அந்த டிசம்பரில் கோப்பில் கையெழுத்து விழாமல் போயிருந்தால் அதே பையன், அதே அமைதி, அதே மூடிய கண்கள். ஆனால் 2024 உலகப் போட்டியை வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கவே வாய்ப்பு அதிகம். வசதி வெறும் பின்னணி என்பவர்கள் இந்த ஒரு போட்டியை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை.

‘குகேஷே மனப் பயிற்சியாளர் வைத்திருந்தாரே’ என்பார்கள். வைத்திருந்தார். 2011 உலகக் கோப்பை வென்ற கிரிக்கெட் அணியோடும், 2024-ல் பாரிஸில் வெண்கலம் வாங்கிய ஹாக்கி அணியோடும் வேலை பார்த்த பேடி அப்டன்தான் அவர். இது என் பக்கத்துச் சாட்சி. மனசு தானாக வந்துவிடும் சரக்காக இருந்தால் அதற்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆள் எதற்கு? உறங்குவது எப்படி, தோற்ற மறுநாள் எழுந்து வருவது எப்படி என்பதையும் தெரிந்தவர் சொல்லித்தர வேண்டியிருக்கிறது, அதற்கும் செலவு இருக்கிறது.

மனசுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சிங்கப்பூரின் பதினான்காவது ஆட்டத்தில் குகேஷிடம் ஒரு சிப்பாய் மட்டும் கூடுதலாக இருந்தது. பெரும்பாலோர் டிரா என்று கைகுலுக்கிவிடும் நிலை. குகேஷ் விடாமல் ஆடினார். 55-வது நகர்த்தலில் டிங் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். அந்தப் பிடிவாதம் மனசுதான், மறுக்க மாட்டேன். ஆனால் அது தீர்ப்பு எழுதியது, எல்லா வசதியும் சமமாக வாய்த்த இரண்டு பேருக்கு நடுவில். மலை உச்சியில் கடைசி அடியைத் தீர்மானிப்பதை, அடிவாரத்தில் யாருக்கு வழி கிடைக்கிறது என்பதற்கும் காரணமாக்குவதுதான் மோசடி. இன்னொன்று, ஜெயித்தால் மன உறுதி, தோற்றால் மன உறுதி குறைவு என்று பிறகு சொல்வதற்குப் பெயர் விளக்கமில்லை. 2025 செப்டம்பரில் சமர்கண்டில் நடந்த கிராண்ட் ஸ்விஸ் போட்டியில் இதே குகேஷ் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றார். ஒன்பது மாதத்தில் மனசு துருப்பிடித்துவிட்டதா? எதிராளிகளும் நன்றாக ஆடினார்கள் என்பதே போதுமான பதில்.

‘குகேஷ் டாக்டர் வீட்டுப் பிள்ளை, ஏழை வீட்டிலிருந்து வந்தவர்கள் இல்லையா?’ என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார், தாய் காய்கறி விற்றவர். பாட்டி வளர்த்த மதுரை ரேவதி வெறுங்காலோடு ஓடியவர், டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார். ஆனால் மாரியப்பனுக்குப் பள்ளியில் ஓர் உடற்கல்வி ஆசிரியரும் பெங்களூரில் சத்யநாராயணா என்ற பயிற்சியாளரும் கிடைத்தார்கள். ரேவதிக்குப் பயிற்சியாளர் கண்ணன் கிடைத்தார். பாட்டியிடம் பேசி, ஷூவுக்கு வழி செய்து, லேடி டோக் கல்லூரியில் விடுதியோடு இடம் வாங்கித் தந்தது அவர். மேடையில் வறுமை வரும், வைராக்கியம் வரும், கண்ணன் மட்டும் வர மாட்டார். வறுமை தடையில்லை என்பதற்கு இவர்கள் சாட்சி இல்லை, தடையை யாரோ ஒருவர் சொந்தக் கையால் விலக்க வேண்டியிருந்தது என்பதற்குத்தான் சாட்சி.

விலக்க ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் புதுக்கோட்டை கத்தக்குறிச்சி சாந்தி இருக்கிறார். 2006-ல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள், அவருக்காக வாதாட வேண்டிய சங்கங்கள் ஒதுங்கிக்கொண்டன. பிற்பாடு செங்கல் சூளையில் கூலி வேலை. செங்கல் சூளைத் தொழிலாளி வீட்டிலிருந்து கிளம்பி ஆசியாவின் இரண்டாவது இடம் வரை ஓடியவரிடம் மனசு குறைந்திருந்தது என்று எந்தப் பேச்சாளராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள் என்கிறார்கள். சோர்வைத் தருவது பொய்தான். அப்பா ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை, அம்மாவுக்கும் வேலை, நல்ல பயிற்சிக்குப் போக வேண்டுமென்றால் தாம்பரத்தில் பஸ் மாறி நகரத்துக்குள் போகவேண்டும். திரும்பும்போது ராத்திரி ஒன்பது. இந்த நிலையில் ஒரு படப்பைச் சிறுமி ஆறு மாதத்தில் நிறுத்திவிட்டால், ‘எனக்கு மனசு பத்தவில்லை’ என்று அவளை நம்ப வைப்பது எந்த ஊர் ஊக்கம்? பஸ்ஸும் பயிற்சியாளரும் இல்லாததால் நின்றது என்று தெரிந்தால் அவள் கேட்கவாவது செய்வாள். மனசு என்று சொல்லிவிட்டால் கேட்க எதுவுமே மிஞ்சாது. இந்தப் பேச்சு நிர்வாகங்களுக்குப் பிடித்துப்போனதற்கும் அதுதான் காரணம். பேச்சாளருக்கு ஒரு சால்வை போதும், மைதானத்துக்கு நிலம் வேண்டும்.

ஆகவே படப்பையிலும் சுற்றுவட்டார ஊராட்சிகளிலும் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் எத்தனை பேர், விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடம் தின்கிறதா என்று ஆண்டு விழா அன்றே தலைமையாசிரியரிடம் கேளுங்கள். மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணத் தொகுப்பு அறிவிக்கப்பட்டது. உங்கள் ஊருக்கு வந்த பந்தும் மட்டையும் எந்த அறையில் இருக்கின்றன, சாவி யாரிடம் இருக்கிறது என்று அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.