இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையும் சங்கத்தின் கடமையும்

நெசவாளிக்குத் தறிக்குழியும் உழவருக்கு வரப்பும் எத்துணை அவசியமோ, அவ்விடங்களில் இறங்கவும் ஏறவும் இசைந்து கொடுக்கும் இடுப்பும் அத்துணை அவசியம். அந்த மூட்டு பழுதுற்று, ஈரடி நடக்கவும் வலியால் முகஞ்சுளிக்கும் அங்கத்தினர்கள் நம்மிடையே பலர் உளர். மூட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று மருத்துவர் கூறியும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவோரும் உளர். அவர்களின் தயக்கத்திற்குக் காரணம் பணமும் பயமும் மட்டுமல்ல. வீடு திரும்பிய பின் யார் பார்ப்பது, எங்கே உட்காருவது என்னும் கவலையே பெரிது என்பது நமது அபிப்பிராயம்.

தொடை எலும்பின் பந்து போன்ற தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்தில் சுழல்வதே இம்மூட்டு. தேய்மானத்தாலும், அத்தலைக்கு இரத்தவோட்டம் குன்றுவதாலும், கழுத்துப் பகுதி முறிவதாலும் இது கெடுகிறது. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்னும் மருத்துவர் உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் கொண்ட செயற்கை மூட்டை 1962-இல் நல்ல வடிவுக்குக் கொணர்ந்தார். இன்று பொருத்தப்படும் மூட்டுகளுள் பாதிக்கு மேற்பட்டவை 25 ஆண்டுகளும் உழைக்கின்றன. செலவைப் பொறுத்தவரை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நாடலாம். வருமானச் சான்றையும் குடும்ப அட்டையையும் முன்கூட்டியே எடுத்து வைத்தல் நலம்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் நம் பகுதிக்கு ஒரு வசதி உண்டு. சம்பா அறுவடை தை, மாசியில் முடிகிறது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. நீர் குறைந்த ஆண்டுகளில் அது தள்ளிப்போவதும் உண்டு. ஆகவே மாசிக் கடைசியில் சிகிச்சை பெறும் விவசாயிக்கு மூன்று மாத ஓய்வு தானே கிட்டுகிறது. உளுந்தையும் பயறையும் வீட்டார் பார்த்துக்கொள்ளட்டும். நெசவாளிக்கோ ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் நீர் ஊறி வேலை நிற்கும். அந்த ஓய்வை இதற்குப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். ஆனால் பாசி படர்ந்த முற்றத்தில் வாக்கர் பிடித்து நடப்பது ஆபத்து. மழை ஓய்ந்த பின் செய்துகொள்வதே உசிதம்.

சிகிச்சைக்கு முன் கவனிக்க வேண்டியவற்றுள் தலையானது தொற்று. கால்விரல் இடுக்கின் சேற்றுப்புண், பித்தவெடிப்பு, சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றை அற்பமென எண்ணலாகாது. கிருமி இரத்தத்தின் வழியே புதிய மூட்டைச் சென்றடையக்கூடும். நட்டு முடித்த கால் ஆறாமலிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் காட்டவேண்டும். நீரிழிவு கட்டுக்குள் வரவேண்டும். பீடி புண்ணை ஆறவிடாது. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர் அதைத் தெரிவிக்கவேண்டும்.

வீட்டையும் ஆயத்தம் செய்தல் வேண்டும். சிகிச்சை செய்த முறைக்கேற்ப, பொதுவாக 6 முதல் 12 வாரம் வரை, இடுப்பைச் செங்கோணத்திற்கு மேல் மடக்கலாகாது. கால்மேல் கால் போடலாகாது. நம் வாழ்க்கையோ தரையிலேயே நடக்கிறது! பாய், பலகை, பந்தி இலை, குந்தும் கழிப்பறை, கோயிலில் விழுந்து கும்பிடுதல் ஆகிய யாவும் அந்நாட்களில் விலக்கு. உயரமான கட்டில், கைப்பிடி உள்ள நாற்காலி, நாற்காலிக் கழிப்பறை, குளியலறையில் வழுக்காத விரிப்பு ஆகியவை மருத்துவமனைக்குப் புறப்படும் முன்பே வீட்டில் இருக்கவேண்டும்.

பெரும்பாலோரை அன்றோ மறுநாளோ வாக்கர் துணையுடன் எழுப்பி நிறுத்துவார்கள். உறவினர்கள் இதைக் கண்டு பதறுகிறார்கள். "பச்சை ரணம், படுத்திருக்கட்டும்" என்பது பரிவாகத் தோன்றினும், படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையவும் தசை மெலியவும் ஏதுவாகும். பின்னர்க் கைத்தடி பிடிக்கையில், அறுவை செய்யாத பக்கத்துக் கையில் பிடிக்கவேண்டும். படியேறும்போது நல்ல காலும், இறங்கும்போது சிகிச்சை பெற்ற காலும் முன் செல்லவேண்டும். கெண்டைக்கால் வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும், காயத்தில் நீர் கசிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டிற்கே வருகின்றனர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

மருத்துவமனையில் தரும் காகிதங்களைப் பத்திரப்படுத்துக. உலோகத்தோடு உலோகம் உராயும் ஒருவகை இடுப்பு மூட்டு 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டபோது, அதைப் பொருத்திக்கொண்ட இந்தியர் பலரைக் கண்டறியவே இயலவில்லை. பொருத்திய மூட்டின் பெயரும் எண்ணும் பத்திரத்தோடு பத்திரமாக இருக்கட்டும்.

பெண் அங்கத்தினர்கள் குறித்து ஒரு வார்த்தை. நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெரும்பாலும் அவர்களே. ஆயினும் மகள் கல்யாணம், மருமகள் பிரசவம் என்று தம் வலியைக் கடைசியில் வைக்கிறார்கள். அவர்கள் படுத்தால் அடுப்பை யார் பார்ப்பது என்னும் கேள்விக்கு வீட்டு ஆண்கள் முன்னதாகவே விடை வைத்திருக்கவேண்டும்.

இனி, சங்கம் செய்யக்கூடியது யாது? ஒரு வாக்கரும், உயரமான நாற்காலியும், கழிப்பறை நாற்காலியும் ஒரு குடும்பத்திற்குச் சில மாதங்களே தேவை. ஒவ்வொருவரும் வாங்கிப் பின் பரண்மேல் போடுவதைவிட, சங்கம் பொதுநல நிதியிலிருந்து இரண்டு மூன்று தொகுதிகள் வாங்கி, நூலகப் புத்தகம்போல் இரவல் தரலாம். மேலும், குழித்தறியில் இறங்கி எழும்போது இடுப்பு மிகவும் மடங்குகிறது. சிகிச்சை பெற்ற நெசவாளிக்கு உயர்ந்த இருக்கையுள்ள சட்டத்தறியையோ, மேசைமேல் இராட்டை வைத்துத் தார் சுற்றும் வேலையையோ, துணி மடிக்கும் வேலையையோ சில மாதங்கள் அளித்தால், கூலி முற்றும் நின்றுவிடுமே என்ற அச்சம் நீங்கும். அடுத்த பொதுக்குழுவில் இவ்விரண்டையும் தீர்மானங்களாகக் கொணருமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.