புழுங்கலரிசி மூட்டையும் சோள ரொட்டியும்

சென்ற திங்கள் இப்பக்கத்தில், மார்கழிக் குளிரில் இட்லி மாவு புளிக்காமல் நம்மைப் படுத்தும் பாட்டைக் குறித்து எழுதியிருந்தோம். மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றுவதும் அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பதும் தாங்களும் செய்வனவே என்று இல்லத்தரசியர் பலர் சொல்லியனுப்பினர். ஓர் அம்மையார் மட்டும், "மாவு இருக்கட்டும், முதலில் அரிசிக்கு வழி சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார். அவர் கேட்டது நியாயமே.

இரயிலடியில் அலுவல் பார்ப்பவர்க்கு நம்மவர் வரும் வண்டியைப் பெயர்ப்பலகை பார்த்துத்தான் அறிய வேண்டுமென்பதில்லை. இறங்கும் மூட்டைகளே சொல்லிவிடும். சிலீப்பர் வகுப்பில் ஒருவர் 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டுவரலாம். அந்த 40 கிலோவில் பாதிக்குமேல் புழுங்கலரிசியாகவே இருக்கும். மற்றது வற்றல், வடகம், ஊறுகாய், காப்பித்தூள். புனேயில் இறங்கி, லோணாவளா லோக்கலில் மாறி, அம்மூட்டைகளைப் பிம்ப்ரி நிலையத்துப் படிகளில் ஏற்றி இறக்கும் குடும்பத் தலைவர்களின் முதுகுக்காக இரங்காமல் இருக்க முடிவதில்லை.

பிம்ப்ரிக் கடைகளில் அரிசிக்குப் பஞ்சமா? இல்லை. அருகிலுள்ள மாவள் வட்டாரத்தில் விளையும் இந்திராயணி அரிசி, மாம்பூ மணம் உடையதெனப் பெயர்பெற்ற அம்பேமோஹர் இனத்தின் வழிவந்தது. மணத்திற்குக் குறைவில்லை. ஆனால் பச்சரிசி, வெந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குத்துவது நம் புழுங்கலரிசி. அவிக்கும்போதே மாவுச்சத்து இறுகிவிடுவதால் சோறு உதிரியாக நிற்கும். இரவு நீரூற்றி வைத்தாலும் காலையில் பழையது கூழாகிவிடாது. ஆகவே "இந்த ஊர் அரிசி குழைகிறது" என்னும் குறை பொய்யன்று. அரிசியின் மேல் பிழையுமன்று. வரணும் நெய்யும் ஊற்றிப் பிசைந்துண்பவர்க்கு அது குழைவதே சுவை.

இன்று தேடினால் புழுங்கலரிசியும் இங்கே அகப்படுகிறது. எனினும் மூட்டைகள் குறையவில்லை. அவற்றுள் ஒன்றின் வரலாறு நம் இல்லத்திலேயே நிகழ்ந்தது.

தந்தையார் காலமானபின், கோவில்பட்டிக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து தாயாரை அழைத்துவந்தோம். மகன் இத்தனை ஆண்டுகள் சோறின்றி ரொட்டி தின்று வாடுகிறான் என்று எண்ணி, 20 கிலோ அரிசியைத் தம் கையாலேயே கட்டி எடுத்து வந்தார். வந்த பின்னரோ அவரே உண்ணவில்லை. மராத்தியில் ஒரு சொல்லும் அறியார், பேச்சுத்துணை இல்லை. இரண்டு வாரத்தில் உணவு பாதியாயிற்று. "என்னை ஊருக்கே அனுப்பிரு, ஐயா" என்பதே காலையும் மாலையும் பேச்சு. அத்தை உண்ணாதிருக்கையில் மருமகளுக்கு மட்டும் சோறு இறங்குமா? வீட்டில் அடுப்பு எரிந்தது, அவ்வளவே.

எதிர்வீட்டார் சோலாப்பூர் மாவட்டத்தவர். அவ்வீட்டு மூதாட்டியை எங்கள் பிள்ளைகள் ஆஜி என்றழைப்பர். ஒருநாள் அவர் வாயிலில் அமர்ந்து முறத்தில் தானியம் புடைத்துக்கொண்டிருந்தார். தாயார் கதவருகே நின்று பார்த்தார். பிறகு சென்று ஒரு கை அள்ளி, வாயிலிட்டுக் கடித்து, "ஏ ஐயா, இது நம்ம சோளந்தானே!" என்றார். அடுத்து முறமே கைமாறிவிட்டது.

மக்காச்சோளம் அன்று, வெள்ளைச் சோளம். தெற்கிலிருந்து வரும் வண்டிகள் குந்தக்கல் கடந்து ராய்ச்சூர், வாடி, சோலாப்பூர் என்று வருகையில், சாளரத்தின் வெளியே கரிய மண் விரிவதைக் காணலாம். அம்மண்ணில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து மாசி, பங்குனியில் அறுக்கும் சோளமே அவ்வட்டாரத்தின் உயிர். சோலாப்பூரை அடுத்த மங்கள்வேடா சோளம் புவிசார் குறியீடு பெற்றது. நம் கோவில்பட்டி, எட்டயபுரத்துக் கரிசலும் ஒரு காலத்தில் அப்படியே இருந்தது. தாயாரின் இளமையில் அங்கே அன்றாடம் சோளச்சோறும் கம்பஞ்சோறுமே. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். 1967-இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று அரசு வழங்கத் தொடங்கியது. 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றியே கிடைக்கிறது. பசித்த வயிறுகளுக்கு அது பெரும்பேறு, அதனைக் குறைகூறுவோமல்லோம். ஆனால் அரிசி வந்த வழியே சோளம் வெளியேறியது. அதை உண்டு வளர்ந்தோம் என்று சொல்லவும் நாணினர்.

நம்மவர் சோளத்தை இடித்துச் சோறாக்கினர். இவர்கள் திரித்து ரொட்டி தட்டுகின்றனர். பாக்ரி என்பர். கோதுமை மாவின் பசை இதற்கில்லை. உருட்டுகட்டைக்கு எளிதில் வசப்படாது. வெந்நீர் விட்டு அழுத்திப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டித் தட்டியே வட்டமாக்க வேண்டும். கல்லில் இட்டதும் மேற்புறம் நீர் தடவி, புரட்டி, இறுதியில் நேரே தணலில் காட்டினால் உப்பும். உடன் பச்சைமிளகாயும் பூண்டும் நசுக்கிய டேச்சா, நிலக்கடலைச் சட்னிப் பொடி, கைமுட்டியால் உடைத்த வெங்காயம். அந்தப் பொடி நம் இட்லிப் பொடிக்கு உடன்பிறப்பு என்பது நம் கட்சி. தாயாருக்கு முதல் பத்து நாள் ரொட்டி கையிலேயே பிளந்தது, ஆஜி சிரிப்பார். ஒருவர் மராத்தியிலும் ஒருவர் தமிழிலுமாகப் பேசிக்கொண்டே இருந்தனர். என்ன புரிந்ததோ, வேலை நடந்தது. தட்டில் வைத்ததைத் தாயார் மிச்சம் வைப்பது நின்றது.

பள்ளியிலிருந்து வந்த எங்கள் மகன் ரொட்டியைப் பார்த்து, "மாட்டுத் தீனி மாதிரி இருக்கு, ஆச்சி" என்றான். தாயார் கோபிக்கவில்லை. "மாடு திங்கிறது தட்டை, மணிய மனுசந்தான் திம்பான்" என்றார். 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் மன்றம் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின், இதே மணி பளபளக்கும் பொட்டலங்களில் நகரக் கடைகளில் கொலுவிருப்பதையும் அவனுக்குக் காட்டினோம். அவன் ஆச்சி சொன்னதற்கே ஒரு துண்டு பிட்டான். டேச்சாவைத் தொட்டதும் கண்ணில் நீர் வந்தது வேறு கதை.

சாம்பாரே சம்பாஜியின் பெயரால் வந்தது என்று இங்கே சிலர் பெருமை பேசுவர். நம்பத்தக்க சான்று இல்லாத கதை. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1855 வரை தஞ்சையில் மராட்டிய மன்னர்கள் ஆண்டது வரலாறு. ஈரிடத்துச் சமையலும் கொடுத்து வாங்கியிருக்கும். எங்கள் மாடியில் நடந்ததற்கு அரசர் எவரும் வேண்டியிருக்கவில்லை.

அரிசி கேட்ட அம்மையாருக்கு விடை இதுதான்: இட்லிக்கும் பழையதுக்கும் புழுங்கலரிசியை இங்கேயே வாங்குங்கள், பொங்கலுக்கு இந்திராயணி மிகப் பொருத்தம், வாரம் இரு நாள் சோளம் வாங்கி, தெருமுனை மாவு மில்லில் அவ்வப்போது திரித்துக்கொள்ளுங்கள். முதுகு பிழைக்கும்.

ஆவணியில் தந்தையாரின் திதிக்குத் தாயார் ஊர் சென்றார். அரிசி வந்த அதே சாக்கில் 10 கிலோ சோளம் ஏறிற்று. மாவாகத் திரித்துத் தரட்டுமா என்று ஆஜி சைகையால் கேட்க, வேண்டாமென்று தலையசைத்தார்; மாவு பழகினால் தட்டும்போது விளிம்பு வெடிக்கும் என்பது ஆஜியே கற்பித்தது. திரும்புவதற்கும் சீட்டு எடுத்துவிடச் சொன்னார். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னரே தொடங்குகிறதல்லவா, அன்றே எடுத்துவிட்டோம்.