குடியிருக்க வந்தவன் சுவருக்கு வண்ணம் அடிக்கலாமா?

திருவனந்தபுரம் சாலையில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் ஒரு ஆணி அடிக்கணும்னாலும் வீட்டுக்கார சேட்டனைக் கேட்கணும். காலண்டர் மாட்டவே மூணு நாள் ஆச்சு. நியாயம்தான். அவர் வீடு, அவர் சுவர். இந்த மரியாதை டெக்ஸ்ட் எடிட்டர்களுக்கு மட்டும் ஏன் தெரிய மாட்டேங்குது?

நான் பி.காம். படித்த வங்கிக்காரன், புரோகிராமர் இல்லை. ஊரில் இருக்கும் தம்பியும் நானும் குடும்பக் கணக்கை ஒரு சர்வரில் சாதாரண எழுத்துக் கோப்பாக வைத்திருக்கிறோம். 2009-ல் புட்டி வழியாக விம்மில் திறந்து பார்த்தேன். அப்பா மருந்துக் கடைப் பாக்கியைக் காணோமேன்னு பணம் அனுப்பினேன். தம்பி ஏற்கெனவே கட்டிவிட்டு, '#' போட்டுக் குறிப்பும் எழுதியிருந்தான். கறுப்புத் திரையில் கருநீல எழுத்து! யார் கண்ணுக்குத் தெரியும்?

காரணம் இதுதான். புட்டி தன்னை 'எக்ஸ்டெர்ம்' என்று சொல்லிக்கொள்ளும். எக்ஸ்டெர்ம் என்றால் வெளிர் பின்னணி என்று அன்றைய விம் தானே ஊகித்துக்கொள்ளும். குறிப்புகளுக்குக் கருநீலம் பூசிவிடும். ஊகத்தை வைத்துப் பேரேடு எழுதினால் எங்க பிராஞ்சில் மெமோ கொடுப்பார்கள்.

இத்தனைக்கும் ஊகிக்க அவசியமே இல்லை. 39 என்ற குறியீடு எழுத்தை டெர்மினலின் சொந்த நிறத்துக்குத் திருப்பும். 49 பின்னணியைத் திருப்பும். இரண்டும் ஈ.சி.எம்.ஏ-48 தரத்திலேயே இருக்கு. நானோவைப் பாருங்க, சாதாரண எழுத்தை நம்ம நிறத்திலேயே விட்டுடும். நல்ல குடித்தனக்காரன்.

இப்போ நியோவிம் கதைக்கு வருவோம். 2024 மே மாதம் வந்த 0.10 பதிப்பு ஊகிக்காமல் டெர்மினலையே கேட்கிறது, "உன் பின்னணி என்ன நிறம்?" என்று. அடடா, திருந்திட்டாங்கன்னு நினைச்சேன். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு இதமாக நான் வைத்திருப்பது இளமஞ்சள். பதிலை வாங்கிக்கொண்டு, "ஓ, வெளிர் நிறமா" என்று அதன்மேல் தன் சொந்தச் சாம்பலை அடித்துவிட்டது! முழு நிறம் காட்டும் என்று அது கண்டறியும் டெர்மினல்களில் இதே கதைதான். சுவர் என்ன நிறம்னு கேட்டுட்டு, மேலேயே வேற பெயிண்ட் அடிக்கிறவனை என்ன சொல்ல?

"பின்னணி எங்கள் கையில் இருந்தால்தான் எழுத்து தெளிவாகத் தெரியும்னு உறுதி சொல்ல முடியும்" என்பார்கள். வாஸ்தவம். அதைத் தனி நிறத் தொகுப்பாக வையுங்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும். எதையும் தேர்ந்தெடுக்காதவன் ரசனை இல்லாதவன் இல்லை சாமி. அவன் டெர்மினலிலேயே தேர்ந்தெடுத்துவிட்டான்.

நானும் 'நார்மல்' பின்னணியை 'நன்' என்று மாற்றித்தான் ஓட்டுகிறேன். ஆனால் என் வீட்டுச் சுவர் நிறத்தை நானே சுரண்டி மீட்கணுமா? என்ன நான் சொல்றது?